பதுவை நகரில் ஒரு பகல்

நீரிழிவு பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு செய்திமடற் குழுவினர் என்னைக் கேட்டிருந்தனர். அதனை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்து, இம்முறை ஒரு பிரயாணக் கட்டுரை எழுத அவர்களிடம் அநுமதி பெற்றுள்ளேன். சென்ற வைகாசி மாதத்தில் நானும் என் மனைவியும் இத்தாலி நாட்டுக்குச் சென்று வந்தோம். அங்கு ஒரு நகரத்தில் கழித்த ஒரு பகற்பொழுது, இலண்டன் திரும்பிய பின்னரும் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதனைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

இத்தாலிக்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் உரோமாபுரியையும் வெனிசையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவர். வெனிசிலிருந்து புகையிரதத்தில் அரைமணி நேரத் தூரத்தில் இருக்கும் பாதுவா நகரில் இறங்குவோர் குறைவு. பாதுவா என்றால் நம்மிற் பலருக்கு விளங்காது. 'பதுவை' என்றால் உடனே விளங்கும். பதுவை அந்தோனியார் என்று நம் ஊர்க் கத்தோலிக்க மக்கள் வணங்கும் புனிதர் அடக்கம்பெற்ற ஊர் அதுவே. கொழும்பு கொச்சிக்கடையிலும் கச்சதீவிலும் அவருக்குக் கோயில்கள் உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டத்தில் சைவர்களும் நிற்பார்கள் என்பது கொழும்பில் வாழ்ந்த எல்லோரும் அறிந்ததே. என் மாமியாரும் திருநீறு பூசிய நெற்றியுடன், சிறு பிள்ளையான என் மனைவியைக் கையிற் பிடித்துக்கொண்டு அங்கே போய்வந்தவர்தான்.

ஆகவே என் மனைவிக்கு அந்தோனியாரின் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எனக்கோ அதே நகரில் வேறொன்றைப் பார்க்க வேண்டும் என்று மாணவப் பருவம் முதல் ஆசை. மருத்துவ மாணவர்க்குப் பிரேதத்தை அறுத்துக் காட்டிப் பாடம் சொல்வதற்கென்றே கட்டப்பட்ட உடற்கூற்று அரங்குகளுள், இன்றும் அழியாது நிற்பவற்றில் மிகப் பழையது பதுவைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

"நீங்கள் உங்கட பிரேத அறையைப் போய்ப் பாருங்கோ. நான் அந்தோனியாரிட்டைப் போறன்" என்றார் மனைவி. முடிவில் இரண்டு இடத்துக்கும் இருவரும் சேர்ந்தே போனோம்.

கால்மணி நேரத் தரிசனம்

காலை ஒன்பது மணியளவில் பதுவை நிலையத்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து ஸ்க்ரொவேனி சிற்றாலயத்தை அடைந்தோம். என்ரிக்கோ ஸ்க்ரொவேனி என்னும் செல்வந்தர் கட்டுவித்து, 1305ஆம் ஆண்டில் அர்ப்பணஞ் செய்த தேவாலயம் இது. அவருடைய தந்தையார் வட்டிக்குக் கடன் கொடுத்துப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். தாந்தே என்ற மகாகவி தமது காவியத்தில் அவரை நரகத்தில் வைத்துப் பாடிவிட்டார். தந்தையின் பாவந் தீரவே மகன் இக்கோயிலை எழுப்பினார் என்று கூறுவர்.

உள்ளே போவது எளிதன்று. நாளும் நேரமும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இருபத்தைந்து பேர் அளவில் ஒரு கண்ணாடி அறைக்குள் விட்டு, கதவைச் சாத்திக் கால்மணி நேரம் இருத்திவைக்கிறார்கள். மனிதரின் மூச்சிலும் உடையிலும் உள்ள ஈரமும் தூசியும் எழுநூறு ஆண்டுப் பழைய சுவரோவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால், அந்த அறையின் காற்றை முதலிற் சீர்செய்கிறார்கள். அதன்பின் கால்மணி நேரம் மட்டுமே உள்ளே நிற்கலாம். "திருப்பதி மாதிரியெல்லோ இருக்கு" என்றார் மனைவி.

ஆனால் அந்தக் கால்மணி நேரம் போதாது என்றே எல்லோருக்கும் தோன்றும். மேற்கூரை முழுவதும் கரு நீல வானம். அதிற் பொன் நட்சத்திரங்கள். சுவர்கள் நிறைய மரியாளின் கதையும் இயேசுவின் கதையும். தீட்டியவர் ஜோத்தோ. அவருக்கு முந்திய ஓவியங்களில் முகங்கள் பெரும்பாலும் உணர்ச்சியின்றி விறைத்து நிற்கும். ஜோத்தோவின் சுவரில், இறந்த மகனை மடியிற் கிடத்தி அவன் முகத்தோடு முகம் வைத்துப் பார்க்கும் தாய், நாம் மரண வீடுகளிற் கண்ட தாய்தான். வாயிற்சுவரில் இறுதித் தீர்ப்பின் காட்சி. நரகத்தில் வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். அதே சுவரில் என்ரிக்கோ முழந்தாளிட்டு, தாம் கட்டிய கோயிலின் சிறிய உருவத்தை மரியாளிடம் கொடுக்கிறார். நம் கோயில் மண்டபத் தூண்களிற் கைகூப்பியபடி நிற்கும் திருப்பணி மன்னர்களின் சிலைகளை நினைத்துக்கொண்டேன்.

இடபத்தின் பெயர் கொண்ட மாளிகை

அங்கிருந்து நகரின் நடுவே நடந்து பல்கலைக்கழகத்துக்குச் சென்றோம். 1222ஆம் ஆண்டில் தோன்றிய பல்கலைக்கழகம். அதன் பழைய மாளிகைக்குப் 'போ' என்று பெயர். அவ்வூர்ப் பேச்சில் அதற்கு எருது என்று பொருள். முன்னர் அந்த இடத்தில் எருதுச் சின்னம் தாங்கிய ஒரு சத்திரம் இருந்ததாம், அப்பெயரே நிலைத்துவிட்டது. "நந்தியெம்பெருமானின் வாசலால் போகிறோம்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

முற்றத்தைச் சுற்றியுள்ள சுவர்களிலும் வளைவுகளிலும் நூற்றுக்கணக்கான குலச் சின்னங்கள் செதுக்கப்பட்டும் தீட்டப்பட்டும் உள்ளன. இங்கே படித்த மாணவர்களின் சின்னங்கள் அவை. ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் மாணவர்கள் வந்தனர். ஒவ்வொரு நாட்டாரும் தமக்கெனத் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டனர். பிறநாட்டிற் பிழைக்க வந்தவன் முதலில் ஒரு சங்கம் வைப்பான் என்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதை அறிந்து மகிழ்ந்தேன். பதுவை அப்போது வெனிசுக் குடியரசின் ஆட்சியில் இருந்தது. வேறு பல இடங்களில் பட்டம் பெறமுடியாத யூதரும் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவரும் இங்கே மருத்துவப் பட்டம் பெற முடிந்தது.

மாடிப்படியின் அடியில் ஒரு பெண்ணின் சிலை. எலேனா கொர்னாரோ என்னும் அந்த அம்மையார் 1678ஆம் ஆண்டில் இங்கே தத்துவக் கலாநிதிப் பட்டம் பெற்றார். உலகிற் பல்கலைக்கழகக் கலாநிதிப் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என்று அவரைப் போற்றுகின்றனர். மேலே ஒரு மண்டபத்தில், கலிலியோ ஏறி நின்று பாடஞ் சொன்னதாகக் கூறப்படும் மரமேடை இருக்கிறது. அவர் 1592 முதல் 1610 வரை இங்கே கணிதம் கற்பித்தவர்.

இங்கிலாந்தில் வாழும் நமக்கு இன்னொருவர் முக்கியம். வில்லியம் ஹார்வி என்ற இளைஞர் கேம்பிரிட்ஜிற் படித்துவிட்டு இங்கே வந்து, 1602இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியஸ், நாளங்களுக்குள்ளே இருக்கும் சிறு வால்வுகளை மாணவர்க்குக் காட்டியவர். அவை எதற்காக இருக்கின்றன என்பது ஆசிரியருக்குச் சரியாகப் புலப்படவில்லை. இரத்தம் ஈரலில் உற்பத்தியாகி உடம்பெங்கும் சென்று செலவாகிவிடுகிறது என்பதே அக்காலத்துக் கொள்கை. மாணவரோ அந்த வால்வுகளை நினைத்துப் பார்த்தார். அவை இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே போகவிடுகின்றன. ஆகவே இரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது என்று கண்டு 1628இல் நூலாக வெளியிட்டார். இன்று நம் கையில் அழுத்தமானியைக் கட்டும் ஒவ்வொரு தாதியும் அந்த மாணவருக்குக் கடன்பட்டவர். இலண்டன் புனித பார்த்தலோமியு வைத்தியசாலையில் நெடுங்காலம் பணியாற்றியவர் அவர்.

கீழேயிருந்து மேலே

அந்த ஃபப்ரீசியஸ் காலத்தில், 1594இல் எழுந்ததே உடற்கூற்று அரங்கு. நீள்வட்டமான ஒரு புனலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு படிவரிசைகள். ஒவ்வொன்றின் முன்னும் செதுக்கு வேலைப்பாடமைந்த அக்ரூட் மரக் கைப்பிடி. இருக்கைகள் இல்லை. ஒருவர் நெருக்கி நிற்க மட்டுமே இடம். இப்படி இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் நின்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கீழே குனிந்து பார்ப்பார்களாம். குளிர்காலத்திலேயே பாடம் நடக்கும். வெயிற் காலத்தில் உடல் தாங்காது. 1872 வரையில் இவ்வரங்கு உபயோகத்தில் இருந்தது.

படிவரிசைகளில் ஏறிப் பார்க்கலாம் என்று எண்ணியே போனேன். ஆனால் மரம் மிகப் பழையதாகையால் அங்கே யாரையும் விடுவதில்லை. எங்களைக் கீழே, புனலின் அடிக்கு அழைத்துச் சென்றார்கள். பிரேதத்தைத் தயார் செய்த இடம் அது. அங்கிருந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆறு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விரிந்து மேலே போகின்றன.

நாங்கள் நின்றது ஆசிரியரின் இடமுமன்று, மாணவரின் இடமுமன்று. மேசைமேற் கிடந்தவரின் இடம். அவருடைய கண்கள் திறந்திருந்தால் இதைத்தான் பார்த்திருக்கும் என்று தோன்றியது. நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வைத்தியன். அந்தப் பக்கத்திலிருந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அவர்கள் யார்? பெரும்பாலும் மரண தண்டனை பெற்றவர்கள். அல்லது கேட்பாரற்ற ஏழைகளும் வெளியூராரும். கற்றவர்களின் சின்னங்கள் முற்றமெங்கும் இருக்கின்றன. கற்பித்த உடல்களுக்கு ஒரு பெயரும் இல்லை. மரணம் உயிருக்கு உதவுவதில் மகிழ்ச்சியடையும் இடம் இது என்ற பொருளில் அங்கே ஓர் இலத்தீன் வாசகம் உண்டு. நல்ல வாசகந்தான். ஆனால் உதவியவரின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை.

இவ்விடத்தில் என் கதை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நான் முதலாம் வருட மாணவனாக இருந்தபோது எங்கள் ஆறு பேருக்கும் ஓர் உடல் கிடைத்தது. வயோதிபர். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. உழைப்பாளி என்று தெரிந்தது. அவருக்கு நாங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவருடைய இடது முன்கையில் ஒரு பெயர் பச்சை குத்தப்பட்டிருந்தது. முதல் எழுத்துகள் மங்கிவிட்டன. கடைசியில் 'அம்மா' என்பது மட்டும் வாசிக்கக் கூடியதாக இருந்தது. தாயோ, மனைவியோ, மகளோ தெரியாது. இரண்டாம் வாரம் முன்கைப் பாடம் வந்தது. தோலை உரிக்க வேண்டியது என் முறை. உரித்தேன். அந்தத் தோலோடு அந்தப் பெயரும் வாளிக்குள் போயிற்று. முழுப் பெயரையும் வாசிக்க ஒருவராவது முயன்றிருக்கலாம். பரீட்சைப் பயத்தில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நான் அப்பரீட்சையில் நல்ல புள்ளிகள் பெற்றேன்.

பதுவை அரங்கின் அடியில் நின்றபோது அந்த முன்கைதான் எனக்கு நினைவு வந்தது. வழிகாட்டி அடுத்த மண்டபத்துக்கு அழைத்தார். அங்கே ஒரு பேழையில் சில மண்டையோடுகள். பழைய பேராசிரியர்கள் சிலர், தாம் இறந்தபின் தம் உடலையே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்களாம். அந்த மண்டையோடுகள் அவர்களுடையவை. "இவை தெரிஞ்சு குடுத்தவை" என்று மனைவி மெல்லச் சொன்னார். அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது.

அந்தோனியாரின் நாவு

மதிய உணவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பழைய நீதி மண்டபத்தின் கீழே பெரிய சந்தை இருக்கிறது, பழங்கள் வாங்கினோம். தக்காளிக் குழம்பில் இட்ட பாஸ்தா சைவ உணவுக்காரருக்கு எங்கும் கிடைக்கும். ஆனால் இறைச்சி இரசம் சேர்த்தார்களா என்று கேட்டுக்கொள்வது நன்று. 1831இல் திறக்கப்பட்ட பெத்ரோக்கி என்னும் கோப்பிக் கடை புகழ் பெற்றது. அதன் பச்சை அறையில், காசில்லாத மாணவர்கள் ஒன்றும் வாங்காமலே உட்கார்ந்து படிக்கலாம் என்பது பழைய வழக்கம்.

பிற்பகலில் அந்தோனியார் பேராலயத்துக்குச் சென்றோம். ஊரார் அதனைப் 'புனிதர்' என்றே சுருக்கமாகச் சொல்கிறார்கள். எந்தப் புனிதர் என்று கேட்க வேண்டியதில்லை. அந்தோனியார் இத்தாலியர் அல்லர். போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனிற் பிறந்தவர். 1231 ஆனி 13ஆம் நாள் பதுவைக்கு அருகில் காலமானார். ஓராண்டு நிறையுமுன் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

கல்லறையின் பின்புறத்துப் பளிங்குப் பலகையில் உள்ளங்கையை வைத்து மக்கள் வரிசையாகக் கும்பிடுகிறார்கள். பக்கத்திற் படங்கள்: விபத்திற் பிழைத்தவர், நோய் தீர்ந்தவர், பிறந்த குழந்தை. நேர்த்திக்கடன் என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. என் மனைவி செருப்பைக் கழற்றப் போய், அங்கே அவ்வழக்கம் இல்லையென்று கண்டு மாட்டிக்கொண்டார். பிறகு கல்லில் கையை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவில்லை. 2019 சித்திரை 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைக் கோயிலிற் குண்டு வெடித்துப் பலர் மாண்டதை நினைத்ததாகப் பின்னர் சொன்னார்.

அக்கல்லறையைச் சுற்றிய பளிங்குச் சிற்பங்களுள் ஒன்று என்னை நிறுத்தியது. ஒரு கருமியின் பிணத்தின் நெஞ்சைத் திறந்து பார்க்கிறார்கள். உள்ளே இதயம் இல்லை. அது அவனுடைய பணப்பெட்டிக்குள் இருந்தது என்பது அந்தோனியாரின் அற்புதக் கதை. காலையில் நாம் கண்ட வட்டிக்காரர்களுக்கு இனத்தவன்.

ஆலயத்தின் பின்பகுதியில் ஒரு பொற்பேழையில் புனிதரின் நாவு வைக்கப்பட்டுள்ளது. 1263இல் கல்லறையைத் திறந்தபோது, உடல் அழிந்தும் நாவு அழியாதிருந்ததாக வரலாறு. பெரும் பிரசங்கியாரின் நாவு ஆதலால் அதனைத் தனியே எடுத்து வணங்குகின்றனர். 1981இல் மறுபடியும் கல்லறை திறக்கப்பட்டு, அறிவியலாளர் எலும்புகளை ஆராய்ந்தனர். வைத்தியன் என்ற முறையில் அதைப்பற்றி ஆயிரம் கேள்விகள் கேட்கலாம். அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஒரே நகரம். ஓர் உடலைப் பொன்னில் வைத்துக் காத்தது; பல உடல்களைப் பெயரில்லாமல் அறுத்தது. இரண்டினாலும் மனிதர் பயன் பெற்றார்கள். ஒன்றுக்கு மட்டுமே நன்றி கிடைத்தது. நானும் அந்தக் கல்லில் கையை வைத்தேன். எனக்காக ஒன்றும் கேட்கவில்லை.

மாலையில் 'பிராத்தோ' எனப்படும் பெரிய மைதானத்தில், நீள்வட்டக் கால்வாயின் ஓரத்தில் இருந்து காலாறினோம். அதன் இருகரையிலும் 78 சிலைகள் நிற்கின்றன. அருகில் 1545இல் அமைத்த மூலிகைத் தோட்டம் இருக்கிறது. 1585இல் நட்ட ஒரு பனையினத்து மரம் அங்கே இன்றும் உயிரோடிருக்கிறது. நேரமாகிவிட்டதால் வெளியே நின்று பார்த்துவிட்டு வெனிசுக்குப் புகையிரதம் ஏறினோம். போக விரும்புவோர் சிற்றாலயத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் முன்கூட்டியே சீட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். நடை அதிகம், வயதானவர்கள் நல்ல பாதணி அணிந்து செல்லுங்கள்.

பெயரும் நட்சத்திரமும்

கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அந்த நாள் அங்கே முடியவில்லை.

திரும்பி வந்ததும் உடல் தானப் படிவம் ஒன்றை வருவித்தேன். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி, உயிரோடிருக்கும்போது சாட்சி முன்னிலையில் எழுத்து மூலம் சம்மதித்தவரின் உடலை மட்டுமே உடற்கூற்றுக் கல்விக்கு எடுக்கலாம். இறந்தபின் மனைவி மக்கள் விரும்பினாலும் கொடுக்க முடியாது. உறுப்புத் தானம் வேறு; அதற்கு 2020 முதல் இங்கே வேறு விதி. உடலைப் பெறும் பல கல்லூரிகள், படிப்பு முடிந்தபின் முறையாகத் தகனம் செய்து, குடும்பத்தார் விரும்பினால் சாம்பலைக் கையளிக்கின்றன. அதற்குச் சில ஆண்டுகள் செல்லலாம். "அப்ப எட்டுச் செலவுக்கும் அந்தியேட்டிக்கும் என்ன செய்யிறது?" என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ததீசி முனிவர் இந்திரனுக்கு வச்சிராயுதம் செய்யத் தம் எலும்பையே கொடுத்தார் என்றேன். "அவருக்குப் பெண்சாதி என்ன சொன்னவவோ தெரியாது" என்றார்.

ஆடி அமாவாசையன்று வழக்கம்போல் என் தந்தையாருக்குப் பிதிர்க்கடன் செய்யக் கோயிலுக்குப் போனேன். அந்த முதியவருக்கும் ஒரு மோட்ச அர்ச்சனை செய்விக்க எண்ணிச் சீட்டு எழுதும் மேசைக்குச் சென்றேன். அங்கிருந்த தம்பி, "பெயர், நட்சத்திரம்?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. குருக்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். "டொக்டர், தாய் தகப்பன், உற்றார் உறவினர் ஒருத்தரும் இல்லாதவைக்கெண்டு தர்ப்பணத்திலை கடைசியா ஒருக்கா தண்ணி விடுறனீங்களெல்லோ? அது அவருக்கும் போகும். நீங்கள் தெரியாமலே வருசாவருசம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறியள். இந்த முறை தெரிஞ்சு விடுங்கோ" என்றார்.

அப்படியே செய்தேன்.

படிவம் எங்கள் வீட்டில் சுவாமி அறை மேசையில் இருக்கிறது. நான் கையொப்பமிட்டுவிட்டேன். சாட்சிக்கான இடம் வெறுமையாக உள்ளது. மனைவி இன்னும் பேனையை எடுக்கவில்லை. படிவத்தை அப்புறப்படுத்தவும் இல்லை. நம் அன்பர்களும் இதைப் பற்றித் தத்தம் குடும்பத்தாரோடு, உடல்நலத்தோடு இருக்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள். எப்படி முடிவு செய்தாலும் சரி.

நீரிழிவுக் கட்டுரை அடுத்த இதழில் தவறாது வரும்.